இனிப்புப் பெட்டியும் காகிதத்தின் நெடும்பயணமும்



பெருநாள், நிக்காஹ், குழந்தையின் அகீகா, பிள்ளைகள் குர்ஆன் ஓதி முடிக்கும் நாள் என எந்த மகிழ்ச்சியானாலும் உறவினர் வீட்டிற்கும் அண்டை வீட்டிற்கும் இனிப்புக் கொடுத்தனுப்புவது நம் குடும்பங்களின் வழக்கம். அந்த இனிப்பைத் தாங்கிச் செல்லும் பெட்டியைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் ‘அல்வா’ என்னும் சொல் அரபியிலிருந்து வந்ததைப் போலவே, அதைப் பொதியும் ‘காகிதம்’ என்னும் சொல்லும் பாரசீக, அரபு வழக்கிலிருந்து தமிழுக்கு வந்ததே. அச்சகங்களில் தாள்கட்டை ‘ரீம்’ என்கிறோம். அதன் மூலம், கட்டு என்று பொருள்படும் ‘ரிஸ்மா’ என்னும் அரபுச் சொல். இனிப்பும் பெட்டியும் ஒரே பாதையில் பயணம் செய்தவை. அந்தப் பாதையை அறிந்துகொண்டால், இன்று நாம் எத்தகைய பெட்டியைக் கொடுக்கிறோம், அதன்மேல் எதை அச்சிடுகிறோம் என்னும் கேள்விகள் சிறியவையாகத் தோன்றமாட்டா.

சமர்கந்திலிருந்து பக்தாதுக்கு

காகிதத்தை முதன்முதலில் செய்தவர்கள் சீனர்கள். திருக்குர்ஆனின் 6ஆம் அத்தியாயத்தில் வரும் ‘கிர்தாஸ்’ என்னும் சொல் நாம் இன்று அறிந்த காகிதத்தைக் குறித்ததன்று. அக்கால அரபு மக்கள் எழுதப் பயன்படுத்தியவை பாப்பிரஸ் ஏடும் பதப்படுத்திய தோலும்தான். கி.பி. 751இல் தலாஸ் ஆற்றங்கரையில் அப்பாஸியப் படைக்கும் சீனப் படைக்கும் நடந்த போரில் பிடிபட்ட கைதிகள் வழியே சமர்கந்தில் காகிதத் தொழில் தொடங்கியது என்று பழைய வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அந்நூற்றாண்டின் இறுதியில், கலீஃபா ஹாரூன் ரஷீதின் காலத்தில், பக்தாதிலும் காகிதம் செய்யப்பட்டது. அங்கே காகிதம் விற்போருக்கும் நூல் படியெடுப்போருக்கும் ‘சூக்குல் வர்ராக்கீன்’ என்னும் தனிக் கடைத்தெருவே உருவாயிற்று.

முஸ்லிம் கைவினைஞர்கள் இத்தொழிலில் செய்த பெரிய மாற்றம் மூலப்பொருளில்தான். மரப்பட்டை நாருக்கு மாற்றாக, கிழிந்த சணல் துணியையும் பழைய கயிற்றையும் ஊறவைத்து, இடித்துக் கூழாக்கித் தாள் வார்த்தனர். உடுத்திக் களைந்த துணி, அறிவைச் சுமக்கும் ஏடாக மாறியது. எதையும் வீணாக்காத அந்தச் சிக்கனமே காகிதத்தை எளியவர்க்கும் எட்டும் பொருளாக்கியது.

எழுதும் தாள், பொதியும் தாள்

காகிதம் மலிவானவுடன் அது கடைத்தெருவுக்கும் வந்தது. 11ஆம் நூற்றாண்டின் நடுவில் எகிப்துக்குச் சென்ற பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரோ, கெய்ரோ கடைத்தெருவில் கண்ட புதுமை ஒன்றைத் தம் பயணநூலில் பதிவு செய்துள்ளார். அங்கே மளிகை வணிகரும் மருந்து வணிகரும் விற்கும் பொருளுக்குரிய கலத்தையோ காகிதத்தையோ தாமே கொடுத்துவிடுவர். வாங்க வருபவர் பாத்திரம் எடுத்துவர வேண்டியதில்லை. ஏறத்தாழ 1200ஆம் ஆண்டில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவ அறிஞர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி கூறும் செய்தி இன்னும் வியப்பானது. பண்டைய கல்லறைகளில் சடலங்களைச் சுற்றியிருந்த துணிகளை எடுத்துச் சென்று காகிதம் செய்வோரிடம் சிலர் விற்றனர் என்றும், அத்துணியிலிருந்து மளிகைக் கடைகளுக்கான பொதிதாள் செய்யப்பட்டது என்றும் அவர் எழுதினார். இன்று நாம் கையில் ஏந்தும் இனிப்புப் பெட்டியின் மூதாதை அந்தப் பொதிதாளே.

தாள் எங்கும் புழங்கத் தொடங்கியதும் உலமாக்கள் அதன் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசலாயினர். 14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த மாலிகி அறிஞர் இப்னுல் ஹாஜ், தம் ‘அல்மத்கல்’ நூலில் காகிதம் செய்பவருக்கென்றே அறிவுரை எழுதினார். மார்க்க அறிவுக்குத் துணைநிற்கும் தொழில் என்பதால் நல்ல நிய்யத்துடன் அதைச் செய்ய வேண்டும். இறைவசனங்களும் அல்லாஹ்வின் திருநாமங்களும் எழுதப்பட்ட தாள்களைக் கூழாக்குவதற்காகக் கால்படும் இடத்தில் போட்டுவிடக் கூடாது என்பது அவர் வலியுறுத்திய கருத்து. ஹிஜ்ரி 812இல் (கி.பி. 1409) தில்மிசான் நகர அறிஞர் இப்னு மர்சூக் மற்றொரு கேள்விக்கு விடை எழுதினார். ஐரோப்பாவிலிருந்து வந்த தாள்களில் சிலுவை முதலிய நீர்க்குறிகள் இருந்தன. அவற்றில் எழுதலாமா என்பது கேள்வி. எழுதலாம் என்று அவர் தீர்ப்பளித்தார். மேற்கே முஸ்லிம் நகரங்களின் காகிதத் தொழில் நலிந்து, இத்தாலியத் தாள் சந்தையைப் பிடித்துவிட்ட காலத்தின் சான்று அந்த ஃபத்வா.

இந்தியாவின் காகஸிகள்

நம் நாட்டிலும் இத்தொழிலை வளர்த்தவர்களுள் முஸ்லிம் குடும்பங்களே முதன்மையானவர்கள். ‘காகஸி’ என்பதே அவர்களின் குடிப்பெயராயிற்று. 15ஆம் நூற்றாண்டில் கஷ்மீரை ஆண்ட சுல்தான் ஸைனுல் ஆபிதீன் இக்கலையை அங்கே ஊன்றச் செய்தார். தௌலதாபாத் அருகே காகஸிபுரா என்ற ஊர் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் காகஸிக் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தாள் வார்த்து வருகின்றன.

தமிழகத்தின் நிலை வேறு. இங்கே எழுதுவதற்கும் பனையோலை; பொதிவதற்கும் பனையோலை, வாழையிலை, வாழை மட்டை. கருப்பட்டியும் பண்டமும் ஓலைப் பெட்டியிலேயே ஊர் விட்டு ஊர் சென்றன. காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடியை ஒட்டிய பொறையாற்றில் டேனிஷ் மிஷனரிகள் தம் அச்சகத்திற்காக 1710களில் ஒரு காகித ஆலையை அமைத்தனர். அது நீண்டநாள் நிலைக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளத்தில் இயந்திர ஆலைகள் எழுந்தன. 1882இல் தொடங்கிய தீட்டாகர் ஆலை அவற்றுள் பெயர்பெற்றது. இறக்குமதித் தாளும் ஆலைத் தாளும் சேர்ந்து காகஸிகளின் அடுப்பை அணைத்தன. 1934இல் காந்தியடிகளின் முயற்சியால் வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் அமைந்தபோது, கைத்தொழில் காகிதத்தை மீட்பதும் அதன் பணிகளுள் ஒன்றாயிற்று. அச்சங்கத்தை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. சாங்கானேரில் இன்றுள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் அவர் பெயரையே தாங்கியுள்ளது. முஸ்லிம் கைவினைஞர்களின் ஊரில் ஒரு தமிழரின் பெயர் நிலைத்திருப்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்கது.

நம் கடற்கரையில்

பிள்ளைச்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே முதலியார்சாவடி, கோட்டக்குப்பம் கடந்து சென்றால் பத்துக் கிலோமீட்டருக்குள் புதுச்சேரி நகரம் வந்துவிடும். அங்கே 1959இல் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிலகம் தொடங்கப்பட்டது. பிரெஞ்சு ஆட்சி 1954இல் விலகி, சட்டப்படியான இணைப்பு 1962இல் நிறைவேறுவதற்கு இடைப்பட்ட காலம் அது. மரம் வெட்டாமல், ஆடைத் தொழிலில் மிஞ்சும் பருத்தித் துணி வெட்டுத் துண்டுகளைக் கூழாக்கி, சட்டத்தில் ஒவ்வொரு தாளாக அள்ளி, அழுத்தி நீர் பிழிந்து உலர்த்துவது அதன் முறை. கருவிகள் மாறினும், பழைய துணியிலிருந்து தாள் வார்க்கும் அந்தச் சிக்கனம் பக்தாதிலும் கெய்ரோவிலும் வேரூன்றிய அதே சிக்கனம்தான். அங்கே நீர்மேல் வண்ணம் மிதக்கவிட்டு எடுக்கும் தாள்களும் செய்யப்படுகின்றன. துருக்கியர் ‘எப்ரு’ என்றழைக்கும் அக்கலையை யுனெஸ்கோ 2014இல் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. நம் தக்காணத்துப் பீஜப்பூர் ஓவியர்களும் 17ஆம் நூற்றாண்டில் அதில் சிறந்து விளங்கினர்.

கையால் ஒரு பெட்டி

இத்தகைய தாளில் பிள்ளைகளே பெட்டி செய்யலாம். பசையோ கத்தரியோ மடிப்பதற்குத் தேவையில்லை. 24 செ.மீ. சதுரத் தாளை மூலைவிட்டங்களில் மடித்துப் பிரித்தால் மையம் தெரியும். நான்கு மூலைகளையும் மையத்திற்கு மடியுங்கள். ஏறத்தாழ 17 செ.மீ. சதுரம் கிடைக்கும். அதன் எதிரெதிர் ஓரங்களை நடுக்கோடு வரை மடித்துத் தடம் பதித்துப் பிரியுங்கள். மற்ற இரு ஓரங்களையும் அவ்வாறே செய்யுங்கள். பின்னர் எதிரெதிரான இரு மூலைகளை மட்டும் முழுதும் விரித்து, விரிக்காத இரு பக்கங்களைச் சுவராக நிமிர்த்துங்கள். விரித்த முனைகளைத் தூக்கி, பக்கமடிப்புகளை உள்ளே தள்ளி, முனையைச் சுவரின் மேலாக உட்புறம் மடித்து மையத்தில் படியவையுங்கள். எட்டரை செ.மீ. அகலமும் நான்கு செ.மீ.க்குச் சற்று மிகுந்த உயரமும் கொண்ட பெட்டி தயார். மூடிக்கு 25 செ.மீ. தாள் போதும். துணிக்காகிதம் நெய்யை உறிஞ்சும். எனவே உள்ளே வாட்டிய வாழையிலையை விரித்த பின்னரே கால் கிலோ அல்வாவை வையுங்கள்.

பெட்டியின் மேல் எதை எழுதுவது?

இன்று திருமண இனிப்புப் பெட்டிகளில் பிஸ்மில்லாஹ்வும் இறைவசனமும் தங்க நிறத்தில் அச்சிடப்படுகின்றன. எண்ணம் நல்லது. ஆனால் இனிப்புத் தீர்ந்தபின் அப்பெட்டி எங்கே செல்கிறது? எச்சில் இலையுடன் குப்பைத் தொட்டிக்கு. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இப்னுல் ஹாஜ் அஞ்சியது இதைத்தான். இறைநாமத்தைக் கண்ணியப்படுத்த விரும்புவோர் அதை நாவால் மொழிந்து பெட்டியைக் கொடுக்கட்டும். பெட்டியின் மேல் பெறுபவரின் பெயரும் ஒரு வாழ்த்தும் போதும். முன்பே வீட்டில் சேர்ந்துள்ள அத்தகைய அட்டைகளைத் தனியே எடுத்து, தூய இடத்தில் புதைப்பதோ எரிப்பதோ முறை.

மற்றொன்று வீண்விரயம். தமிழகத்தில் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. எனினும் பளபளக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள் நம் விருந்துகளை விட்டு அகலவில்லை. உள்ளிருக்கும் இனிப்பைவிட வெளிப்பெட்டிக்கு மிகுதியாகச் செலவிடும் வீடுகளும் உண்டு. அதைக் கண்டு, அவ்வாறு கொடுக்க இயலாத ஏழை உறவினர் கொடுப்பதையே நிறுத்திவிடுகிறார். இதுவே பெரிய இழப்பு. அன்பளிப்பு அன்பை வளர்க்கும் என்று கற்பித்த நபிகள் நாயகம் (ஸல்), ஆட்டின் குளம்பளவு சிறியதாயினும் அண்டை வீட்டார் தரும் அன்பளிப்பை இழிவாகக் கருத வேண்டாம் என்று பெண்களுக்கு அறிவுறுத்தினார்கள். சிறிய பெட்டியில் சிறிது இனிப்பு என்பது குறையன்று. அதுவே சுன்னத்தின் எளிமை.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத்தையும், உறவுகளில் இனிமையையும், நம் கைகளின் உழைப்பில் நன்மையையும் தந்தருள்வானாக. ஆமீன்.