எட்டுக் கற்கள்

1658ஆம் ஆண்டு மார்ச் 26. இலண்டன் ஃபிளீற் வீதிக்குப் பக்கத்தில், சாலிஸ்பரி கோர்ட்டில் ஓர் உறவினர் வீடு. இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரை மேசையில் கிடத்தி, கைகால்களைக் கட்டி, அசையாமல் ஆட்கள் பிடித்துக்கொள்கிறார்கள். மயக்க மருந்து வருவதற்கு இன்னும் ஏறத்தாழ 190 ஆண்டுகள் இருக்கின்றன. தோமஸ் ஹொலியர் என்ற சத்திரசிகிச்சையாளர் தொடைகளுக்கு இடையே கீறி, சிறுநீர்ப்பையிலிருந்து ஒரு கல்லை எடுக்கிறார். பின்னாளில் அதைப் பார்த்த ஜோன் ஈவ்லின், ரெனிஸ் பந்தளவு என்று எழுதிவைத்தார்.

அந்த இளைஞர் சாமுவேல் பீப்ஸ். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பில்தான் இலண்டனின் கொள்ளைநோயையும் பெருந்தீயையும் இன்று நாம் வாசிக்கிறோம். இத்தகைய சிகிச்சையில் பிழைப்பதே பெரும்பாடு. அவர் பிழைத்தார். பிழைத்த நாளை ஆண்டுதோறும் விருந்து வைத்துக் கொண்டாட விரும்பினார். கல்லுக்கென்று ஒரு பெட்டியும் செய்வித்தார். கல் தொல்லையால் அவதிப்பட்டவர்களுக்கு அதைக் காட்டித் தைரியம் சொன்னார்.

கதை அத்தோடு முடியவில்லை. 1703இல் அவர் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தார்கள். இடது சிறுநீரகத்தில் ஏழு கற்கள் இருந்தன. கத்தி ஒரு கல்லை எடுத்தது. கல்லை உண்டாக்கிய காரணத்தை அது தொடவே இல்லை. சிறுநீரகக் கல்லின் வரலாறு முழுவதிலும் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது.

கல் மனிதனுக்குப் பழைய பகை. எகிப்தில் எல் அம்ராவில், எழுத்து தோன்றுவதற்கும் முந்திய காலத்துக் கல்லறை ஒன்றில், எலும்புக்கூட்டின் இடுப்புப் பகுதியில் சிறுநீர்ப்பைக் கல் கிடைத்தது. ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழி, கல்லுக்காகக் கீறுவதை வைத்தியனுக்கு விலக்கி, அத்தொழில் தெரிந்தவரிடம் விடச் சொல்கிறது. சுசுருத சங்கிதையோ கீறும் முறையை விரிவாகச் சொல்லிவிட்டு, தேர்ந்த கைகளிலும் முடிவு நிச்சயமில்லை, அரசனின் அனுமதி பெற்றுச் செய் என்று எச்சரிக்கிறது. நம்மவர் இந்த நோயைக் கல்லடைப்பு என்றார்கள். சித்த வைத்தியத்தில் நெருஞ்சிலும் சிறுபீளையும் அதற்குரிய மூலிகைகள். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூ இந்தச் சிறுபீளைதான்.

எல்லா நாடுகளிலும் கேள்வி ஒன்றாகவே இருந்தது: கல்லை எப்படி வெளியேற்றுவது? ஏன் உண்டாகிறது என்று கேட்க நெடுங்காலம் பிடித்தது. 1739இல் பிரித்தானிய நாடாளுமன்றம் ஜோஆனா ஸ்ரீபன்ஸ் என்ற பெண்ணின் இரகசிய மருந்தை வெளியிடுவதற்கு 5000 பவுண் கொடுக்க முடிவு செய்தது. சுட்ட முட்டையோடு, நத்தை, சவர்க்காரம், சில மூலிகைகள். அவ்வளவுதான் இரகசியம்! சிரிப்பு வரலாம். ஆனால் நாடாளுமன்றமே பணம் கொடுக்கும் அளவுக்குக் கத்திக்குப் பயந்திருந்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1776இல் சுவீடன் மருந்தாளர் கார்ல் ஷீலே, சிறுநீர்ப்பைக் கல்லை ஆராய்ந்து யூரிக் அமிலத்தைக் கண்டறிந்தார். 1797இல் இலண்டனில் வொலஸ்ரன், கற்கள் ஒரே பொருளால் ஆனவை அல்ல, பல வகைப்பட்டவை என்று காட்டினார். சிறுநீரில் கரைந்திருக்கும் பொருள்கள் அளவு மிஞ்சும்போது படிகமாகி, படிகத்தின் மேல் படிகம் சேர்ந்து கல்லாகிறது. கற்கண்டு விளைவதும் இப்படித்தான். ஆகவே சிறுநீரில் என்ன இருக்கிறது, எவ்வளவு நீரில் கரைந்திருக்கிறது என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியைச் சாப்பாட்டுத் தட்டுவரை கொண்டுபோனவர்களில் ஒருவர் வேலை செய்த இடம் தமிழ்நாட்டில், நீலகிரியின் குன்னூரில் இருக்கிறது. அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தில் ரொபர்ட் மக்கரிசன் 1920களில் எலிகளுக்கு விதவிதமான உணவு கொடுத்துப் பார்த்தார். கோதுமை மாவை மட்டுமே பெரிதும் நம்பிய உணவில் எலிகளுக்குச் சிறுநீர்ப்பைக் கல் வந்தது. பால் சேர்த்தபோது வராமல் நின்றது. 1931இல் இந்தியாவில் கல் உண்டாகும் காரணம் பற்றி அவர் எழுதினார். கோதுமை உண்ணும் வடமேற்கில் கல் மிகுதி, அரிசி உண்ணும் தெற்கில் குறைவு. அந்த நாட்களில் வடமேற்கின் ஏழைக் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பைக் கல் சாதாரண நோய். தானியம் மட்டும் உண்டு, பாலும் புரதமும் கிட்டாத பிள்ளைகளின் நோய் அது. ஐரோப்பாவிலும் அது இருந்தது. பிள்ளைகளின் உணவு செழித்தபோது மறைந்தது.

ஏழைப் பிள்ளைகளின் சிறுநீர்ப்பையை விட்டுப் போன கல், வசதி வந்த பெரியவர்களின் சிறுநீரகத்தில் குடியேறியது. இன்றைய கற்களில் பெரும்பாலானவை கல்சியம் ஒக்சலேற்று. உப்பு, இறைச்சி, உடற்பருமன், குறைந்த தண்ணீர் எல்லாம் அதற்குத் துணை. ஊரிலிருந்து இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்த நாங்கள் ஒரே தலைமுறையில் அந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டோம்.

என் மாமா எண்பதுகளில் மத்திய கிழக்கில் கட்டட வேலை செய்தவர். வெயிலில் வேர்வையாகவே தண்ணீர் போய்விடும். வேலைத்தலத்தில் கழிப்பறை தூரம் என்பதால் குடிக்காமலும் இருந்துவிடுவாராம். ஒருநாள் விலாவிலிருந்து அடிவயிறு வரை பிடித்த வலியில் நிலத்தில் உருண்டிருக்கிறார். பிறகு இலண்டன் வந்து, இரண்டாம் கல். அது வெளியே வந்ததும் மருந்துக் குப்பியில் போட்டு அலுமாரியில் வைத்தார். பீப்ஸின் பெட்டியைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்தக் குப்பிதான் நினைவுக்கு வந்தது.

ஊர்க் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று மாமா கடைசிவரை சாதித்தார். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்து நீர் கடினமானது, கேத்தலில் வெள்ளையாகப் படியும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் கேத்தலில் படிவதுபோல் சிறுநீரகத்தில் படிவதில்லை. கடின நீருக்கும் கல்லுக்கும் உறுதியான தொடர்பை ஆய்வுகள் காட்டவில்லை. அந்தப் பயத்தில் தண்ணீரைக் குறைப்பதுதான் ஆபத்து.

பாலைப் பற்றிய பயமும் இப்படித்தான். கல்லில் கல்சியம் இருப்பதால் பாலும் தயிரும் வேண்டாம் என்று வைத்தியர்களே நீண்டகாலம் சொன்னார்கள். 1993இல் அமெரிக்காவில் 45,000க்கு மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. உணவில் கல்சியம் அதிகம் எடுத்தவர்களுக்கே கல் குறைவாக வந்தது. காரணம் குடலில் இருக்கிறது. உணவோடு வரும் கல்சியம் அங்கேயே ஒக்சலேற்றைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். கல்சியம் இல்லாவிட்டால் ஒக்சலேற்று இரத்தத்துக்குள் போய்ச் சிறுநீரகத்துக்கு வந்துசேரும். 2002இல் இத்தாலியில் கல் வந்த 120 ஆண்களை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். கல்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு ஐந்து ஆண்டுகளில் மீண்டும் கல் வந்தது. கல்சியத்தை வழமைபோல் உண்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கு மட்டுமே வந்தது.

இதற்கிடையில் கல்லை எடுப்பது மிக எளிதாகிவிட்டது. 1980 பெப்ரவரியில் மியூனிக்கில் ஒரு நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இருத்தி, கத்தியே படாமல், அதிர்வலையால் கல்லை உடைத்தார்கள். விமானத்தில் மழைத்துளி மோதுவதை ஆராய்ந்த டோர்னியர் நிறுவனத்திலிருந்து பிறந்த கருவி அது. பீப்ஸ் உயிரைப் பணயம் வைத்த காரியத்துக்கு இன்று மாலையே வீடு திரும்பலாம். எளிதாகியதால் மறதியும் வந்தது. வலி போனதும் காரணத்தை விட்டுவிடுகிறோம்.

காரணத்துக்கான மருந்தோ மலிவு. 1996இல் வெளிவந்த இன்னோர் இத்தாலிய ஆய்வில், முதல் கல் வந்த 99 பேர் நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் சிறுநீர் போகும்படி தண்ணீர் குடித்தார்கள். ஐந்து ஆண்டுகளில் 12 பேருக்கே கல் திரும்பியது. வழமைபோல் இருந்த 100 பேரில் 27 பேருக்குத் திரும்பியது. இரண்டு லீற்றர் வெளியேற, குளிர்நாட்டிலும் இரண்டரை லீற்றராவது உள்ளே போகவேண்டும். வெயிலில் வேலை செய்பவருக்கு இன்னும் கூட. சிறுநீர் வெளிர்நிறமாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறோம் என்று பொருள்.

மற்றவை நம் சமையலறையிலேயே இருக்கின்றன. ஊறுகாய், கருவாடு, அப்பளம், பொரியல் உப்பு எல்லாம் சிறுநீரில் கல்சியத்தைக் கூட்டுபவை. தேசிக்காய்த் தண்ணீர் நல்லது, உப்பும் சீனியும் அள்ளிப் போடாவிட்டால். அதிலுள்ள சிற்றிக் அமிலம் படிகம் சேர்வதைத் தடுக்க உதவும். கடையில் பையில் வரும் ஸ்பினாச் கீரையில் ஒக்சலேற்று மிக அதிகம். அடிக்கடி உண்பவர்கள் தயிரோடு உண்ணலாம். வெளியே வந்த கல்லைக் குப்பியில் வைத்திருக்காமல் பரிசோதனைக்குக் கொடுங்கள். எந்த வகைக் கல் என்று தெரிந்தால்தான் எதைத் தவிர்ப்பது என்று தெரியும். யூரிக் அமிலக் கல் என்றால் மருந்தாலேயே கரைக்கவும் முடியும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் தண்ணீர் அளவை வைத்தியரிடம் கேட்டே கூட்டவேண்டும். வலியோடு காய்ச்சல் வந்தாலும், சிறுநீர் நின்றாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

மாமாவுக்கு மூன்றாம் கல்லும் வந்தது. அதன்பிறகுதான் வேலைக்குப் போகும்போது பெரிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கொண்டுபோகத் தொடங்கினார். நான்காவது வரவில்லை.