வண்ண ஒளி கேமிங் கணினி: பாகத் தேர்வு

விளையாட்டுக்கென்றே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டும் மேசைக் கணினி. தமிழ்நாட்டில் இதற்குப் பேர்போன சந்தை, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. பணத்தில் பெரும்பங்கு கிராஃபிக்ஸ் கார்டுக்கே போக வேண்டும். பிராசசருக்கு ஏற்ற சாக்கெட் மதர்போர்டில் இருக்க வேண்டும்: ஏஎம்டி ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்5, அதில் டிடிஆர்5 ரேம் மட்டுமே பொருந்தும்.

வண்ண விளக்குப் பட்டைகளில் கவனம் தேவை. 12 வோல்ட், 4 முனை இணைப்பில் பட்டை முழுதும் ஒரே நிறம். 5 வோல்ட், 3 முனை இணைப்பில் ஒவ்வொரு விளக்குக்கும் தனி நிறம். 5 வோல்ட் பட்டைக்கு 12 வோல்ட் கொடுத்தால் கருகிவிடும். அடுத்து பெட்டி: திண்டுக்கல் சமவெளியின் சித்திரை வெயிலுக்கு, கண்ணாடி முகப்பைவிடக் காற்றோட்டமான வலை முகப்புப் பெட்டியே நல்லது. பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.