ஃபைட்டர் மீனோடு வேறு மீன் விடலாமா? எது ஒத்துப்போகும்... எது ஆபத்து? முழு விவரம்!

மீன் கடையில் சின்ன பாட்டிலிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ தனித்தனியாக அடைத்து வைத்திருப்பார்களே, அதுதான் ஃபைட்டர் மீன். பார்க்க அழகு, விலையும் குறைவு, ஏர் பம்ப் இல்லாமலும் சமாளிக்கும் என்பதால் முதன்முதலாக மீன் வளர்க்க நினைப்பவர்கள் பலரும் இதைத்தான் வாங்குகிறார்கள். வாங்கி வந்த ரெண்டு நாளிலேயே அடுத்த கேள்வி வந்துவிடும்: "பாவம், தனியா இருக்கே. துணைக்கு வேற மீன் விடலாமா?"

விடலாம். ஆனால் எல்லா மீனையும் விட முடியாது. ஃபைட்டர் என்ற பெயரைக் கேட்டதும், இது மற்ற மீன்களைக் கடித்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறோம். உண்மையில் நீளமான வாலைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நீந்தும் ஃபைட்டர்தான் பல டேங்குகளில் கடி வாங்குகிறது. எனவே துணை மீனைத் தேர்வு செய்யும்போது இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

ஃபைட்டர் ஏன் சண்டை போடுகிறது?

ஃபைட்டர் மீனின் அறிவியல் பெயர் பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ். சொந்த ஊர் தாய்லாந்து. 2019-ல் அந்நாட்டு அரசு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. வயல்கள், சதுப்பு நிலங்கள், செடி கொடி அடர்ந்த ஆழமில்லாத குட்டைகள் ஆகியவைதான் இதன் இயல்பான வாழிடம்.

ஆண் ஃபைட்டர் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரின் மேல்பரப்பில் நுரையால் கூடு கட்டி, முட்டைகளையும் குஞ்சுகளையும் அதுவே காவல் காக்கும். அந்த எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்தால் செவுளை விரித்து மிரட்டும். காட்டில் என்றால் தோற்ற மீன் செடிக்குள் ஓடி ஒளிந்து தப்பிவிடும். நான்கு பக்கமும் கண்ணாடி உள்ள டேங்கில் எங்கே ஓடும்? அதனால்தான் சண்டை சாவில் போய் முடிகிறது.

போதாக்குறைக்கு, தாய்லாந்தில் பல தலைமுறைகளாக சண்டைக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட மீன் இது. இன்று கடையில் கிடைக்கும் நீள வால் ரகங்கள் அழகுக்காக உருவாக்கப்பட்டவை. சண்டைக் குணம் இருக்கிறது, ஆனால் வேகமாக நீந்த முடியாது. இதுதான் சிக்கலே.

முதலில் டேங்க் அளவைப் பாருங்கள்

ஒரு ஃபைட்டர் தனியாக வாழவே சுமார் 20 லிட்டர் தண்ணீர் இருந்தால் நல்லது. பூந்தொட்டி சைஸ் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்திருப்பவர்கள் துணை மீன் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வேறு மீன்களையும் சேர்க்க வேண்டும் என்றால் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள டேங்க் சரியாக இருக்கும். இதை முழுக்க நிரப்பினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். மணல், செடி போக கொஞ்சம் குறையும். ஃபைட்டர் ஒரு மூலையைத் தன் இடமாக வைத்துக்கொண்டாலும் மற்ற மீன்கள் ஒதுங்க இடம் இருக்கும்.

துணை மீன் தேர்வு: இந்த 5 கேள்விகளைக் கேளுங்கள்

மீன் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, கடையில் ஒரு மீனைப் பார்த்ததும் இந்த ஐந்தைக் கேட்டாலே பாதி பிரச்னை தீர்ந்துவிடும்.

1. பார்க்க ஃபைட்டர் மாதிரி இருக்கிறதா? பளிச் நிறம், விசிறி போன்ற வால் இருந்தால், ஃபைட்டர் அதை இன்னொரு ஆண் என்று நினைத்துத் தாக்கலாம்.

2. வால் கடிக்கும் பழக்கம் உள்ளதா? இருந்தால் ஃபைட்டரின் வால் கந்தலாகிவிடும்.

3. எந்த மட்டத்தில் நீந்தும்? ஃபைட்டர் மேல்மட்டத்தில் இருக்கும். நடுவிலோ அடியிலோ இருக்கும் மீன் என்றால் மோதல் குறைவு.

4. அதே தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா? ஃபைட்டருக்கு 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பமும், அதிக இழுப்பு இல்லாத அமைதியான தண்ணீரும் வேண்டும்.

5. எவ்வளவு பெரிதாக வளரும்? ஃபைட்டர் 6, 7 செ.மீ. அளவுதான். கடையில் பார்க்கும் குட்டியின் அளவை வைத்து முடிவு செய்துவிடாதீங்க.

எந்த மீன்களை சேர்க்கலாம்?

கோரிடோரஸ்: மீசை வைத்த குட்டிக் கெளுத்தி இது. தரையிலேயே மேய்ந்துகொண்டிருக்கும், யார் வம்புக்கும் போகாது. கூட்டமாக வாழும் மீன் என்பதால் 6-ஆவது வாங்க வேண்டும். கூர்மையான கல் மீசையைக் காயப்படுத்தும். மெல்லிய மணல் போடுவது நல்லது.

ஹார்லெக்வின் ரஸ்போரா: தெற்கு தாய்லாந்து, மலேசியா பகுதிகளைச் சேர்ந்தது. உடலில் கறுப்பு முக்கோணம் இருக்கும். சின்ன வால், அமைதியான குணம், நடுமட்டத்தில் நீந்தும். இதையும் 6 முதல் 8 வரை கூட்டமாக விட வேண்டும்.

எம்பர் டெட்ரா: 2 செ.மீ. அளவே உள்ள ஆரஞ்சு நிற மீன். செடிகள் நிறைய இருக்கும் டேங்கில் கூட்டமாக விட்டால் ஃபைட்டரைச் சீண்டாது. இதைவிடப் பிரபலமான நியான் டெட்ராவையும் பலர் சேர்த்து வளர்க்கிறார்கள். ஆனால் 3, 4 மட்டும் விட்டால் பதற்றத்தில் வால் கடிக்கும் பழக்கம் அதற்கு வரலாம்.

குலி லோச்: பாம்புக்குட்டி மாதிரி இருக்கும். பகலில் ஒளிந்துகொண்டு இரவில் வெளியே வரும். ஃபைட்டரோடு பார்த்துக்கொள்ளும் நேரமே குறைவு.

நெரைட் நத்தை: பாசியைச் சாப்பிடும், நன்னீரில் குஞ்சு பொரிக்காது. ஓடு கெட்டி என்பதால் ஃபைட்டர் ரெண்டு முறை கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடும். மிஸ்டரி நத்தையையும் விடலாம். ஆனால் அதன் நீளமான உணர்கொம்பைப் புழு என்று நினைத்துக் கடிக்கும் ஃபைட்டர்கள் உண்டு.

செர்ரி இறால் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஃபைட்டர் ஒரு மாமிச உண்ணி. இறால் குஞ்சுகள் அதற்குச் சாப்பாடுதான். அடர்ந்த பாசிச் செடி இருந்தால் சில தப்பிக்கும். விலை கொடுத்து வாங்கிய இறாலை இழக்க மனமில்லை என்றால் தனி டேங்க்தான் வழி.

இவற்றை சேர்க்கவே கூடாது

இன்னொரு ஆண் ஃபைட்டர்: எவ்வளவு பெரிய டேங்காக இருந்தாலும் வேண்டாம். நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்தாலும், நாள் முழுக்க எதிரியைப் பார்த்துச் செவுள் விரித்தே சோர்ந்துபோகும்.

கௌராமி: ஃபைட்டரின் சொந்தக்காரர். இரண்டுமே மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும், மேல்மட்டத்துக்கே போட்டி போடும்.

ஆண் கப்பி: கடைகளில் அதிகம் சேர்த்து விற்கப்படுவது இதுதான். ஆனால் அந்தக் கலர் வாலே அதற்கு வினை.

டைகர் பார்ப், செர்பே டெட்ரா: வால் கடிப்பதில் பேர் போனவை. ஒரே நாளில் ஃபைட்டரின் வாலைக் கிழித்துவிடும்.

கோல்டு ஃபிஷ்: குளிர்ந்த தண்ணீரை விரும்பும், பெரிதாக வளரும், கழிவும் அதிகம். இரண்டுக்கும் ஒரே தண்ணீர் சரிப்படாது.

ஏஞ்சல், ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன்: ஏஞ்சலுக்கும் எல்லைச் சண்டை உண்டு. மற்ற இரண்டுக்கும் ஃபைட்டர் ஒரு வாய் இரை.

மோலி: ஓயாமல் குட்டி போடும், ஃபைட்டரைவிடப் பெரிதாக வளரும். சின்ன டேங்கில் கூட்டம் சேர்ந்து தண்ணீர் கெட்டுவிடும்.

டேங்க் க்ளீனர்: 'அழுக்கைத் தின்னும்' என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன், 1 அடிக்கு மேல் வளரும். அதன் கழிவே டேங்கை அழுக்காக்கும். வளர்ந்த பிறகு பலர் ஏரியிலும் ஆற்றிலும் விட்டதால், தமிழ்நாடு, கேரளா நீர்நிலைகளில் இது பரவி உள்ளூர் மீன்களுக்கே தொல்லையாகிவிட்டது. எந்த வளர்ப்பு மீனையும் வெளியே விட்டுடாதீங்க.

பெண் ஃபைட்டரை ஜோடியாக விடலாமா?

ஜோடி சேர்த்தால் சந்தோஷமாக இருக்கும் என்பது நம் கற்பனை. இனப்பெருக்க நேரத்தில் மட்டும், அதுவும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் சேர்க்க வேண்டும். முட்டையிட்டு முடித்ததும் ஆண் மீன் பெண்ணை விரட்டத் தொடங்கும். உடனே பிரிக்காவிட்டால் பெண் மீன் பிழைப்பதே கஷ்டம். பெண்களை மட்டும் கூட்டமாக வளர்த்தாலும் அவற்றுக்குள் 'யார் பெரியவர்' என்ற சண்டை உண்டு. புதிதாக வளர்ப்பவர்கள் தவிர்ப்பது நல்லது.

எப்படி விடுவது?

* புது டேங்க் என்றால் ஃபில்டரை ஓடவிட்டு, நல்ல பாக்டீரியா உருவாக 4 முதல் 6 வாரம் கொடுங்கள். இல்லாவிட்டால் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவே எல்லா மீனையும் கொன்றுவிடும்.
* குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், குளோரின் நீக்கும் மருந்து கலந்த பிறகே ஊற்றுங்கள்.
* புதிதாக வாங்கும் மீனை 2 வாரமாவது தனித் தொட்டியில் வைத்து நோய் இருக்கிறதா என்று பாருங்கள்.
* துணை மீன்களை முதலில் விடுங்கள், ஃபைட்டரைக் கடைசியாக விடுங்கள். முதலில் வந்தது ஃபைட்டர் என்றால் முழு டேங்கும் தன்னுடையது என்று நினைக்கும். ஏற்கெனவே அது அங்கே இருந்தால், கல், செடி எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் புது மீன்களை விடுங்கள்.
* விளக்கை அணைத்துவிட்டு விட்டால் பதற்றம் குறையும். முதல் 2, 3 மணி நேரம் பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள்.
* மேலே மூடி அவசியம். ஃபைட்டர் துள்ளி வெளியே விழும். ஆனால் அது மேலே வந்து மூச்சுவிட, தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும்.
* ஃபைட்டர் மேலே மிதக்கும் பெல்லட்டைச் சாப்பிடும். கோரிடோரஸுக்கு மூழ்கும் பெல்லட்டை இரவில் விளக்கணைத்த பிறகு போடுங்கள். இல்லாவிட்டால் அதையும் ஃபைட்டரே சாப்பிட்டுவிடும்.

ஒத்துப்போகவில்லை என்று எப்படித் தெரியும்?

புது மீனைப் பார்த்து முதல் நாள் செவுள் விரிப்பதும், ரெண்டு முறை துரத்துவதும் சகஜம். அடுத்த நாளும் ஓயாமல் துரத்தினால் பிரித்துவிடுங்கள்.

ஃபைட்டரின் பக்கத்தையும் பாருங்கள். வால் ஓரம் கிழிந்திருப்பது, துடுப்பை மடக்கியபடி மூலையில் ஒதுங்குவது, நிறம் மங்குவது, சாப்பாட்டுக்கு மேலே வராமல் இருப்பது எல்லாமே அது துன்புறுகிறது என்பதற்கான அறிகுறிகள். தண்ணீர் சுத்தமாக இருந்தால் கிழிந்த வால் மெல்ல வளர்ந்துவிடும். ஆனால் காரணமான மீன் கூடவே இருந்தால் காயத்தில் தொற்று வந்து மீன் இறக்கும் வாய்ப்பு அதிகம்.

அதனால் துணை மீன் வாங்கும் முன்பே, பிரிக்க வேண்டி வந்தால் எங்கே விடுவது என்று முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ரக ஃபைட்டர் என்றாலும் ஒவ்வொன்றின் குணமும் வேறு. நண்பர் வீட்டு ஃபைட்டர் எல்லோரோடும் ஒற்றுமையாக இருக்கிறது என்பதற்காக உங்களுடையதும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

தனியாக வளர்த்தால் பாவமா?

இல்லவே இல்லை. ஃபைட்டர் கூட்டமாக வாழும் மீன் அல்ல. துணை இல்லை என்று அது ஏங்காது. நல்ல தண்ணீர், நான்கைந்து செடிகள், ஓய்வெடுக்க ஒரு அகன்ற இலை, ஒளிய ஒரு இடம் இருந்தால் அதற்குப் போதும்.

உங்களிடம் 2 அடி டேங்க் இல்லையா? துணை மீனுக்குச் செலவு செய்யும் காசில் ஃபைட்டருக்குக் கொஞ்சம் பெரிய தொட்டி வாங்கிக் கொடுங்கள். அதற்கு அதுதான் நல்லது.