பிடியும் குத்தும்

திருச்சிராப்பள்ளி அன்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வியை வைத்தார். அவருடைய மகனுக்குப் பதினைந்து வயது. தற்காப்புக்கு ஏதேனும் ஒரு கலையைக் கற்க வேண்டும் என்கிறான். முஹம்மது அலியின் பழைய படங்களைப் பார்த்துப் பார்த்துக் குத்துச்சண்டையில் மோகம் கொண்டிருக்கிறான். அன்பரின் தகப்பனாரோ கர்லாக்கட்டை சுழற்றிய அந்தக் காலத்து மனிதர். குஸ்தி தெரிந்தவனை எவனும் தொடமாட்டான் என்று பேரனோடு வழக்காடுகிறார். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று வரலாற்றைப் பார்த்துச் சொல்லுங்கள் என்பது அன்பரின் வேண்டுகோள். பார்க்கத் தொடங்கியதும் நமக்கு வியப்பே மேலிட்டது. இவ்வழக்கிற்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சான்று, அவர் வாழும் நகரத்திற்குள்ளேயே இருக்கிறது.

இன்று திருச்சியோடு ஒன்றிக் கிடக்கும் உறையூர் ஒரு காலத்தில் சோழர் தலைநகர். அங்கிருந்து ஆண்ட தித்தன் என்னும் மன்னனுக்கு ஒரு மகன்; போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்பது அவன் பெயர். தந்தையோடு மனம் வேறுபட்டு, அரண்மனையை விட்டு நீங்கி, புற்கை என்னும் எளிய கூழை உண்டு வேற்றூரில் வாழ்ந்தான். அந்நிலையில் ஆமூர் மல்லன் ஒருவனோடு அவன் பொருத நிகழ்ச்சியைப் புறநானூற்றின் ஆறு பாடல்கள் பேசுகின்றன. உ.வே.சாமிநாதையர் 1894-இல் அந்நூலை அச்சில் ஏற்றியிராவிட்டால் இச்செய்தி நம் கைக்கு எட்டியிருக்குமோ என்னவோ! சாத்தந்தையார் பாடியவை மூன்று. உறையூர் வணிகர் ஒருவரின் மகளான நக்கண்ணையார் பாடியவை மூன்று.

சாத்தந்தையாரின் கண் மற்போர் அறிந்த கண். இளவலின் ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது. மற்றொரு கால் அவன் எடுக்கும் உபாயங்களைத் தடுத்து முதுகுப்புறமாய் வளைகிறது. இன்று கோதாவில் நிற்கும் எந்தப் பயில்வானிடம் இதைச் சொன்னாலும், எப்படிப்பட்ட பிடி என்று உடனே காட்டிவிடுவார். ஆனால் அதே பாடல் அடுத்த மூச்சில், பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வதுபோல அவன் மல்லனை எற்றி முறித்தான் என்றும் சொல்கிறது. எற்றுதல் என்பது அடிப்பதும் உதைப்பதும் ஆகும். பிடியும் அடியும் ஒரே ஆட்டத்தில் இருந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? இன்னொரு பாடலில் அப்போரின் விரைவுக்கு அவர் காட்டும் உவமை நம்மைத் திகைக்க வைக்கிறது. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி, மழை கொட்டுகிறது, பொழுதும் சாய்கிறது, இவ்வளவுக்கும் நடுவே கட்டிலைக் கட்டி முடிக்க வேண்டிய தொழிலாளியின் கை ஊசி எவ்வளவு விரைந்து ஓடுமோ, அவ்வளவு விரைந்து நடந்ததாம் அந்தச் சண்டை. அரசகுமாரனின் வீரத்தைச் சொல்ல ஓர் உழைப்பாளியின் கையை எடுத்துக்கொண்ட புலவரின் நெஞ்சை நாம் வணங்குகிறோம்.

அந்தப் பாடலிலேயே நம் கேள்விக்கு நெருக்கமான ஒரு குறிப்பும் உண்டு. எதிராளி ஊரைக் கைக்கொள்ள வந்தவன் என்கிறார் புலவர். ஆகவே அது பரிசிலுக்கு ஆடிய வேடிக்கை அன்று. ஒரு வகையில் தற்காப்பே. பார்த்து நின்றவர்களும் ஒருமனப்படவில்லை. வெற்றி அவனுக்கே என்று ஒரு சாராரும், இல்லை என்று ஒரு சாராரும் ஆர்ப்பரித்ததை நக்கண்ணையார் பதிவு செய்கிறார். பாட்டனும் பேரனும் இன்று நடத்தும் வழக்கு புதிதல்ல என்க.

உறையூரிலிருந்து மலைக்கோட்டைக்கு வருவோம். அங்கே மேலே உள்ள குடைவரையைக் குடைவித்தவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவன் மகேந்திரவர்மன். அவன் மகன் நரசிம்மவர்மன் மற்போரில் வல்லவனாதலின் மாமல்லன் எனப்பட்டான். கடற்கரை ஊர் ஒன்றுக்கே அப்பெயர் நிலைத்தது. ஓர் அரசன் தன் உடற்பயிற்சியைப் பட்டமாகச் சூடிக்கொண்ட காலம் அது!

காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவரங்கம். அங்கே மார்கழித் திருநாளில் பகல்பத்து, இராப்பத்து எனப் பாசுரங்கள் ஓதப்படுகின்றன. கண்ணன் மல்லரை வென்ற செய்தியை ஆழ்வார்கள் அவற்றில் மீண்டும் மீண்டும் பாடியுள்ளனர். அம்மல்லர் இருவரின் பெயர்களை நோக்குக. ஒருவன் சாணூரன்; மற்றவன் முஷ்டிகன். முஷ்டி என்பது வடமொழியில் கைம்முட்டி. முஷ்டிகனைக் குத்துச்சண்டைக்காரன் என்றே தமிழில் சொல்லிவிடலாம். பாகவதக் கதைப்படி முஷ்டிகன் முதலில் தன் முட்டியால் பலராமனைக் குத்துகிறான்; பலராமன் உள்ளங்கையால் அறைந்தே அவனை வீழ்த்துகிறான். கண்ணனோ சாணூரனைக் கைகளால் பற்றிச் சுழற்றித் தரையில் எறிகிறான். பிடிப்பவனுக்கும் குத்துபவனுக்கும் களம் ஒன்றாகவே இருந்தது என்பதைக் கதை சொன்னவர்கள் இயல்பாகவே எடுத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் திருவரங்கத்தையும் தன் ஆட்சிக்குள் கொண்டிருந்த விஜயநகரின் தலைநகரில், 1520-ஐ ஒட்டி மகாநவமி விழாவைக் கண்ட போர்த்துக்கேயர் தொமிங்கோ பயஸ், அங்கே மல்லர்கள் பல் உடையவும் முகம் சிதையவும் அடித்துக்கொண்டதை எழுதி வைத்திருக்கிறார். மைசூர்த் தசராவில் ஜெட்டிகள் விரல்களில் வஜ்ரமுஷ்டி என்னும் கருவியை மாட்டி மற்போர் புரிந்ததும் இந்த வழியில் வந்ததே.

அப்படியானால் இரண்டையும் பிரித்தது யார்? இங்கிலாந்தின் ஆட்டவிதிகள் என்பதே நாம் கண்ட விடை. 1743-இல் பிராட்டன் என்பவர் வகுத்த விதிகளின்படி, இடுப்புக்குக் கீழே பற்றக் கூடாது. விழுந்தவனை அடிக்கக் கூடாது. அதாவது இடுப்புக்கு மேலே பற்றி வீழ்த்தலாம்! வெறுங்கையால் குத்திய அந்தக் காலத்தில் ஆங்கிலக் குத்துச்சண்டைக்காரர் பாதி மல்லராகவும் இருந்தார். 1867-இல் வந்த குவின்ஸ்பெரி விதிகளே கட்டிப்பிடித்தலை விலக்கிக் கையுறையைக் கட்டாயமாக்கின. இவ்வாறு செதுக்கி எடுக்கப்பட்ட ஆட்டமே பின்னர்ப் பட்டாளத்தோடும் கப்பலோடும் இந்தியா வந்து சேர்ந்தது. பயில்வான், குஸ்தி என்னும் சொற்கள் பாரசீகத்திலிருந்து உருது வழியாகத் தமிழுக்கு வந்து வீட்டுச் சொற்களாகிவிட்டதை நினைத்தால், நம் முன்னோர் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். 1910-இல் லண்டன் சென்ற காமா பயில்வான், உலகப் புகழ் பெற்ற ஸிபிஸ்கோவை இரண்டரை மணி நேரத்திற்கு மேல் தரையோடு ஒட்டிக் கிடக்க வைத்தார். 1928-இல் பாட்டியாலாவில் அதே மனிதரை ஒரு நிமிடத்திற்குள் வீழ்த்தினார். குலாம் முஹம்மது என்னும் இயற்பெயர் கொண்ட அவரைப் பற்றிப் பாட்டனார் பேரனுக்குக் கட்டாயம் சொல்லியிருப்பார்.

இனி அலி. 1980-இல் அவர் சென்னை வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி நடத்தியபோது தமிழகமே திரண்டது. அவர் மீது நமக்குள்ள அன்பு, குத்துச்சண்டையின் மீதுள்ள அன்பாகத் தவறாக எண்ணப்படுகிறதோ என்பது நம் ஐயம். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்துப் பட்டத்தை இழந்த மனிதரை நேசிக்கிறோம். அவர் முகத்தில் விழுந்த குத்துகளை நேசிக்க வேண்டியதில்லை. 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் ஜப்பானிய மல்லர் அன்டோனியோ இனோக்கியோடு அவர் மோதினார். குத்தா, பிடியா என்று உலகமே கண்விழித்துக் காத்திருந்தது. நடந்தது என்ன? அலி தரப்பின் வற்புறுத்தலால் இனோக்கியின் பிடிகளில் பெரும்பாலானவை விதிகளால் முடக்கப்பட்டன. எனவே அவர் பதினைந்து சுற்றும் பெரும்பாலும் மல்லாந்து கிடந்தபடியே அலியின் கால்களை உதைத்தார். படுத்திருப்பவனைக் குத்த முடியாமல் அலி சுற்றிச் சுற்றி வந்தார். அவர் விட்ட குத்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முடிவு சமன். ஆனால் அலியின் கால்களில் இரத்தம் கட்டி மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. சமன் என்று தீர்ப்பு எழுதினாலும், தரையில் கிடப்பவனிடம் குத்துக்கு வேலையில்லை என்பதை அன்று உலகம் பார்த்தது. (இனோக்கி 1990-இல் கர்பலா சென்றபோது இஸ்லாத்தை ஏற்று முஹம்மது ஹுசைன் எனப் பெயர் பூண்டார் என்பது வாசகர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.)

தெருவில் நிகழும் சண்டைக்கு நடுவர் இல்லை, கையுறையும் இல்லை. கையுறை பிறர் முகத்தைக் காப்பதை விடக் குத்துபவனின் விரல் எலும்பையே காக்கிறது. வெறுங்கையால் மண்டையில் குத்தினால் சுண்டுவிரலின் அடி எலும்பு முறிவது மருத்துவர்கள் நாள்தோறும் காணும் செய்தி. குத்துண்டவன் தார்ச்சாலையில் பின்மண்டை மோத விழுந்தால் உயிருக்கே கேடு. தற்காப்பு உரிமையைச் சட்டம் வழங்குகிறது. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் வழங்கிய அவ்வுரிமையை, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் தொடர்ந்து வழங்குகிறது. ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவை மீறித் தீங்கு செய்ய இரண்டும் இடம் தரவில்லை. பிடித்தவன் பிடியை இறுக்கலாம், தளர்த்தலாம், வேண்டுமானால் விட்டுவிடலாம். விட்ட குத்தைத் திரும்ப அழைக்க வழியில்லை.

மல்லுக்கும் குறை உண்டு, மறைப்பது முறையன்று. எதிரில் இருவர் வந்தால், ஒருவனைக் கட்டிப் புரள்பவன் மற்றவனுக்குத் தன் முதுகைக் கொடுத்தவன் ஆவான். கத்தி வைத்திருப்பவனிடம் நெருங்குவதும் பேதைமை. அங்கே குத்துச்சண்டை கற்பிக்கும் விலகும் காலும், தூரத்தை அளக்கும் கண்ணும் பன்மடங்கு பயன்படும்; ஓடத் தெரிந்த கால் அவற்றினும் பயன்படும்.

மார்க்கம் என்ன சொல்கிறது? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மக்காவின் வலியவரான ருகானாவோடு மற்போர் புரிந்து அவரை வீழ்த்திய செய்தி இப்னு இஸ்ஹாக்கின் வரலாற்றில் உள்ளது. உஹதுப் போருக்கு முன், தம்மைப் படையில் சேர்க்கவில்லையே என ஏங்கிய சிறுவர் ஸமுரா, சேர்க்கப்பட்ட ராஃபிஉவை நான் வீழ்த்துவேன் என்று சொல்லி, வீழ்த்தியும் காட்டி, அனுமதி பெற்றார். மறுபுறம், சண்டையிடும்போது முகத்தைத் தவிர்க்குமாறு பெருமானார் பணித்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. முகத்தையே இலக்காகக் கொண்ட ஆட்டத்திற்கு இதில் எங்கே இடம்? 1987-இல் மக்காவில் கூடிய உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹு மன்றம் குத்துச்சண்டையை விலக்கப்பட்டது என்று முடிவு செய்தது இந்த அடிப்படையில்தான். அதே மன்றம், ஒருவரை ஒருவர் காயப்படுத்த இடந்தரும் ‘சுதந்திர’ மல்யுத்தத்தையும் விலக்கியது. தீங்கின்றி உடலுக்காகப் பயிலும் மற்போருக்கே இசைவு தந்தது. தொலைக்காட்சியில் நாற்காலியால் அடித்துக்கொள்ளும் கூத்தைக் காட்டிப் பாட்டனார் வெற்றி கொண்டாட முடியாது. மன்றம் கூடுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1984-இலேயே, அலிக்கு நடுக்குவாதம் இருப்பதை மருத்துவர்கள் உறுதி செய்திருந்தனர். முப்பதாண்டுகளுக்கு மேல் அந்நோயோடு வாழ்ந்து 2016-இல் அவர் மறைந்தார். அந்நோய்க்குக் குத்துகளே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆயினும் தலையில் தொடர்ந்து குத்துண்டவர்களின் மூளை கெடுவதை 1928-இலேயே மார்ட்லண்ட் என்னும் மருத்துவர் எழுதிவிட்டார்.

மகன் முதலில் மண்ணில் இறங்கி விழவும் எழவும் பிடிக்கவும் கற்கட்டும். குத்துச்சண்டையிலிருந்து கால் நகர்வையும் தலையை விலக்கும் பழக்கத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். முகத்தில் குத்தும் பந்தயங்களுக்குப் போக வேண்டாம் என்று அன்பருக்கு எழுதினோம். உறையூர் இளவல் ஒரே உடம்பில் வைத்திருந்ததை இரு பள்ளிகளில் தேட வேண்டியிருக்கிறதே என்ற நம் வருத்தத்தையும் சேர்த்து எழுதினோம். கடிதத்தைக் கேட்ட பாட்டனார் மகிழ்ந்தாராம். பேரனுக்கு முகம் வாடிற்றாம். அலியின் படத்தை மட்டும் சுவரிலிருந்து எடுக்கமாட்டேன் என்றானாம். எடுக்கச் சொல்லி நாமும் எழுதவில்லை.