சிறு மருத்துவமனைகளும் உலாவிச் செருகுநிரல்களும்: ஒரு பாதுகாப்பு வரலாறு

உலாவிச் செருகுநிரல் என்பது, இணைய உலாவி தானாகச் செய்ய இயலாத ஒரு வேலையைச் செய்வதற்காக அதனுடன் இணைக்கப்படும் துணை மென்பொருள் ஆகும். ஜாவா, ஃபிளாஷ், ஆக்டிவ்எக்ஸ் ஆகியவை ஒரு காலத்தில் ஏறத்தாழ எல்லாக் கணினிகளிலும் இருந்தன. இன்று அவை பெரும்பாலும் வழக்கொழிந்து, அவற்றின் இடத்தில் நீட்சிகள் வந்துள்ளன. தொழில்நுட்பம் மாறினாலும், நோயாளியின் விவரம் திறந்திருக்கும் அதே திரையை வேறு யாரோ எழுதிய மென்பொருளும் பார்க்க முடிகிறது என்னும் நிலை மாறவில்லை. ஒரு மருத்துவர், ஓரிரு ஊழியர்கள், ஒரே கணினி என்று இயங்கும் சிறு மருத்துவமனைகளை இது எவ்வாறு பாதித்தது, அதிலிருந்து கற்க வேண்டியது என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரே கணினி, பல வேலைகள்

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்ததும் செம்பரம்பாக்கம் வருகிறது. அதற்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எனத் தொழிற்பகுதி நீள்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி 1998-இல் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை இயங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த ஊர்களில் ஷிப்டு முறையில் உழைப்போரும் விடுதிகளில் தங்கும் இளம்பெண்களும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் குடியேறினர். இத்தகைய ஊர்களில் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் முதலில் நாடப்படுவது பெரும்பாலும் தெருமுனையில் உள்ள சிறு மருத்துவமனையே.

அங்கே வரவேற்பு மேசையில் இருக்கும் கணினிக்குப் பல வேலைகள் உண்டு. டோக்கன் பதிவு, ரசீது, பரிசோதனைக்கூட முடிவுகள், காப்பீட்டுப் படிவங்கள், வங்கிக் கணக்கு என எல்லாம் அதில்தான் நடக்கின்றன. நோயாளிகள் இல்லாத நேரத்தில் பாட்டு கேட்பதும் அதில்தான்.

இந்தக் கணினி அங்கே வந்து சேர்ந்ததில் அரசு விதிகளுக்கும் பங்கு உண்டு. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், மருத்துவப் பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும் அவற்றைக் கணினிமயமாக்க முயல வேண்டும் என்றும் கூறின. 2012 மே மாதம் காசநோய் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கப்பட்டது. தனியார் மருத்துவர்களும் நோயாளியின் விவரத்தை நிக்‌ஷய் இணையதளத்தில் பதியும் நிலை உருவானது. இவ்வாறு நோயாளியின் இரகசியம் காகிதத்திலிருந்து உலாவிக்குள் வந்தது.

அந்த இரகசியத்தின் மதிப்பைத் தொழிற்பகுதியில் எளிதில் உணரலாம். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்குக் காசநோய் என்பதோ, பணிக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன பெண் கருவுற்றிருக்கிறார் என்பதோ மேற்பார்வையாளர் காதுக்குப் போனால் வேலையே போகக்கூடும். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். நோயின் பெயர் வெளியே போனால் அதை மாற்ற முடியாது.

செருகுநிரல்களின் தோற்றம்

1990-களின் நடுப்பகுதியில் உலாவிகளால் எழுத்தையும் படத்தையும் மட்டுமே காட்ட முடிந்தது. 1996-இல் வெளியான நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0, பிற நிறுவனங்களின் மென்பொருளைத் தன்னுள் இயக்கும் வசதியை அளித்தது. அந்த இணைப்பு முறை என்பிஏபிஐ எனப்பட்டது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3 வழியாக ஆக்டிவ்எக்ஸ் முறையைப் பரப்பியது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய ஜாவா குறுநிரல்களும், மேக்ரோமீடியாவின் ஃபிளாஷும் இக்காலத்தில் பரவின.

இவற்றின் வடிவமைப்பிலேயே ஒரு குறை இருந்தது. செருகுநிரல் ஒருமுறை நிறுவப்பட்டால், கணினியைப் பயன்படுத்துபவருக்கு என்னென்ன அதிகாரம் உண்டோ அவ்வளவும் அதற்கும் கிடைத்தது. எனவே செருகுநிரலில் உள்ள ஓர் ஓட்டை, கணினி முழுவதற்குமான ஓட்டையாக ஆனது.

ஓட்டைகளின் காலம்

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இக்குறையைப் பயன்படுத்தித் தாக்குவது ஒரு வணிகமாகவே வளர்ந்தது. பிளாக்ஹோல் போன்ற தாக்குதல் தொகுப்புகள் வாடகைக்கு விடப்பட்டன. தாக்கப்பட்ட ஒரு தளத்தை ஒருவர் திறந்தாலே போதும். அவருடைய கணினியில் பழைய ஜாவாவோ ஃபிளாஷோ இருக்கிறதா என்று அத்தொகுப்பு சோதித்து, இருந்தால் எதையும் சொடுக்காமலேயே தீநிரலை இறக்கிவிடும். 2013 ஜனவரியில் ஜாவாவில் ஒரு கடுமையான ஓட்டை வெளிப்பட்டபோது, உலாவியில் ஜாவாவை முடக்கிவைக்குமாறு அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது.

இதன் பின்னர் செருகுநிரல்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. குரோம் உலாவி 2015 செப்டம்பரில் என்பிஏபிஐ ஆதரவை முற்றிலும் நீக்கியது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் ஃபிளாஷ் தவிர மற்றவற்றை நிறுத்தியது. ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-உடன் முடிவுக்கு வந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15-இல் ஓய்வு பெற்றது.

பழைய பதிப்பு ஏன் தொடர்ந்தது?

ஆபத்து எனத் தெரிந்த பிறகும் பலர் பழைய செருகுநிரலை நீக்கவில்லை. இதை வெறும் அலட்சியம் என்று கூறிவிட முடியாது. பல நேரங்களில் அது கட்டாயமாகவே இருந்தது.

தென்கொரியா இதற்குச் சிறந்த சான்றாகும். அங்கு 1999-இல் வந்த மின்கையொப்பச் சட்டத்தை ஒட்டி வங்கிகளும் அரசுத் தளங்களும் ஆக்டிவ்எக்ஸை நம்பியிருந்தன. உலகம் அதைக் கைவிட்ட பின்னரும் கொரியர்கள் பழைய உலாவியை விட முடியவில்லை. அந்தச் சான்றிதழ் முறையின் சட்டத் தனியுரிமை 2020 டிசம்பரில்தான் முடிவுக்கு வந்தது.

இந்தியாவிலும் இதே போன்ற சிக்கல் இருந்தது. டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய யுஎஸ்பி டோக்கனை உலாவியால் நேரடியாகப் படிக்க இயலாது. அதனால் கையொப்பம் கேட்ட பல தளங்கள் ஜாவா செருகுநிரலை இடைத்தரகராக வைத்திருந்தன. வரித் தணிக்கைக்கு உட்பட்ட மருத்துவருக்கும் இது தேவைப்பட்டது. கண்காணிப்புக் கேமராப் பதிவை உலாவியில் பார்க்க ஆக்டிவ்எக்ஸ் கேட்ட கருவிகளும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் ஒரு வேலைக்காக நிறுவிய பழைய ஜாவா, ஆண்டு முழுவதும் நோயாளிகளைப் பதியும் கணினியில் திறந்த கதவாக இருந்தது. பெரிய நிறுவனங்கள் இதற்கெனத் தனிக் கணினி ஒதுக்கின. ஒரே கணினி உள்ள இடத்தில் அதற்கு வழியில்லை.

நீட்சிகள்: ஓட்டையிலிருந்து அனுமதிக்கு

நீட்சிகள் செருகுநிரல்களைவிடக் கட்டுப்பாடானவை. உலாவி வரையறுத்த எல்லைக்குள்ளேயே அவை இயங்குகின்றன. ஆனால், நிறுவும்போதே எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்பவை அவற்றில் பல. செருகுநிரல் காலத்தில் திருடன் ஓட்டையைத் தேடினான். நீட்சிக் காலத்தில் நாமே சாவியைக் கொடுக்கிறோம்.

முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுக் குறி இதைத் தடுக்காது. அது தரவு பயணம் செய்யும் வழியை மட்டுமே காக்கிறது. நீட்சியோ, பக்கம் வந்து சேர்ந்து திரையில் விரிந்த பிறகு அதைப் படிக்கிறது.

மருத்துவத் துறைக்கு நேரடியாகத் தொடர்புடைய நிகழ்வு 2019 ஜூலையில் வெளிவந்தது. பாதுகாப்பு ஆய்வாளர் சாம் ஜடாலி, எட்டு நீட்சிகள் 40 லட்சம் பேர் வரையிலானோரின் உலாவல் விவரங்களைத் திரட்டி வணிகத்துக்கு விட்டதை வெளிப்படுத்தினார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது போன்ற சிறு வசதிகளைத் தந்த நீட்சிகளும் அவற்றில் இருந்தன. டேட்டாஸ்பை எனப்பட்ட அந்தக் கசிவில், மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு மேகக்கணிச் சேவையின் பக்கங்கள் வழியாக நோயாளிகளின் பெயர்களும் வெளிப்பட்டன. நீட்சிகள் திரட்டியவற்றுள் முதன்மையானவை பக்க முகவரிகளே. பரிசோதனை முடிவைக் கடவுச்சொல் இன்றித் திறக்கும் இணைப்பாகக் குறுஞ்செய்தியில் அனுப்பும் பழக்கம் உள்ள இடங்களில் அந்த முகவரியே சாவியாகிவிடும்.

நல்ல நீட்சியும் பின்னாளில் கெட்டுப்போகலாம். 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்திய தி கிரேட் சஸ்பெண்டர் 2020-இல் வேறு கைக்கு விற்கப்பட்டது. தீநிரல் கொண்டதெனக் கூறி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் நீட்சியே, அதன் ஊழியர் ஒருவர் போலி மின்னஞ்சலில் ஏமாந்ததால், தீய பதிப்பாக வெளியானது. தானியங்கிப் புதுப்பிப்பு அதைப் பயனர்களின் கணினிகளுக்குக் கொண்டு சேர்த்தது.

சட்டத்தின் பார்வை

"நாங்கள் சிறிய இடம், எங்களை யார் கேட்பார்?" என்ற எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 43ஏ பிரிவு, தொழில்முறைச் சேவை செய்யும் தனியுரிமையாளர் அமைப்பையும் பொறுப்பாளியாக்கியது. 2011 விதிகள் மருத்துவப் பதிவுகளை உணர்திறன் மிக்க தரவு என வகைப்படுத்தின. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. போதிய பாதுகாப்பு எடுக்காததற்கு ₹250 கோடி வரை அபராதம் விதிக்கவும் அது வழிசெய்கிறது.

வரலாறு காட்டும் நடைமுறைகள்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து, பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடிய சில நடைமுறைகள் பெறப்படுகின்றன.

1. கணினி ஒன்றே ஆயினும் விண்டோஸ் கணக்குகளை இரண்டாகப் பிரிக்கலாம். நோயாளிப் பதிவு ஒன்றிலும், பிற வேலைகள் மற்றொன்றிலும் நடக்கட்டும். இரண்டுமே நிர்வாகி அதிகாரம் இல்லாத கணக்குகளாக இருப்பது நல்லது.

2. நோயாளிப் பதிவுக்கான உலாவியில் நீட்சி எதுவும் வேண்டியதில்லை. ஒன்று தேவையெனில், அது எந்தத் தளத்துக்குத் தேவையோ அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதியைச் சுருக்கலாம். குரோம் 2018 முதல் இவ்வசதியை அளிக்கிறது.

3. மருத்துவரின் சொந்தக் கூகுள் கணக்கால் அந்த உலாவியில் நுழையக் கூடாது. ஒத்திசைவு இயங்கினால், வீட்டில் பிள்ளைகள் நிறுவிய நீட்சி மறுநாள் மருத்துவமனைக் கணினியிலும் வந்து நிற்கும்.

4. பழைய செருகுநிரல் தவிர்க்க இயலாதபோது, மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பயன்முறையை அந்த ஒரு தளத்துக்கு மட்டும் இயக்கலாம். தேவை முடிந்ததும் பழைய ஜாவாவை நீக்கிவிட வேண்டும்.

5. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்சிப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றையும் யார், எதற்காக நிறுவினார் என்று கேட்க வேண்டும். விடை கிடைக்காத நீட்சியை நீக்கலாம்.

6. ஐயம் எழுந்தால் முதலில் இணைய இணைப்பைத் துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். அதுவரை டோக்கனும் மருந்துச் சீட்டும் காகிதத்தில் நடக்கலாம். 2022 நவம்பரில் தாக்கப்பட்ட தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையே பல நாட்கள் காகிதத்தில்தான் இயங்கியது.

முடிவுரை

செருகுநிரல்களின் வரலாறு ஏறத்தாழ கால் நூற்றாண்டில் முடிந்தது. அவை எழுப்பிய கேள்வி முடியவில்லை. நோயாளி தன் நோயை மருத்துவரிடம் சொல்லும்போது, அந்த அறையில் வேறு யாரும் இல்லை என்று நம்பித்தான் சொல்கிறார். கதவைச் சாத்திவிட்டுப் பேசுவது போலவே, உலாவியில் அமர்ந்திருப்பவை எவை எனப் பார்த்துவிட்டுப் பதிவதும் இனி மருத்துவ நெறியின் ஒரு பகுதியே ஆகும்.