கிண்ணம் வந்த ஆண்டு: 1921ஆம் ஆண்டின் சிலாங்கூர்க் காற்பந்துப் பருவம்

கம்போங் மேடான் என்னும் ஊர்ப்பெயரை நாள்தோறும் சொல்லும் நாம், அதிலுள்ள 'மேடான்' என்பது நமக்கும் உரிய சொல்லே என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அரபு, பாரசீக மொழிகளில் திறந்த வெளியைக் குறித்த 'மைதான்' என்னும் சொல் ஒரு வழியில் மலாய்க்குச் சென்று 'மேடான்' ஆயிற்று. மற்றொரு வழியில் தமிழுக்கு வந்து 'மைதானம்' ஆயிற்று. மலேசியத் தமிழரோ அதனினும் 'திடல்' என்பதையே பெரிதும் விரும்பி ஆள்வர். திடலின் பெயரைத் தாங்கிய இவ்வூரில், இந்நாட்டுக் காற்பந்தின் ஒரு பருவத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. நாம் எடுத்துக்கொண்ட பருவம் மிகக் குறுகியது. 1921 ஆகஸ்டு 20ஆம் நாள் தொடங்கி, அக்டோபர் முதல் நாள் முடிந்தது.

அதன் தோற்றம் பலரும் அறிந்ததே. பிரிட்டிஷ் போர்க்கப்பலான 'எச்.எம்.எஸ். மலாயா' 1921 ஜனவரியில் இந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்தது. சிங்கப்பூர், பினாங்கு முதலியவற்றோடு, இன்று கிள்ளான் துறைமுகம் என வழங்கும் அந்நாளைய போர்ட் சுவெட்டன்ஹாமிலும் அது நின்றது. மாலுமிகள் கரையிறங்கி, உள்ளூர்க் குழுக்களோடு காற்பந்தும் ரக்பியும் ஹாக்கியும் ஆடினர். மூன்று திங்கள் கழித்துக் கப்பலின் தலைவர் எச். டி. புல்லரிடமிருந்து, கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளருக்கு ஒரு மடல் வந்தது. தமக்குக் கிடைத்த வரவேற்புக்கு நன்றியாக, காற்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரு கிண்ணங்களை அளிக்க விரும்புவதாக அம்மடல் கூறிற்று. காற்பந்துப் போட்டியை நடத்தும் பொறுப்பு சிலாங்கூர் கிளப்பிடம் விடப்பட்டது. வடக்கு, தெற்கு என இரு பிரிவுகள் வகுக்கப்பட்டன. ஆறு குழுக்கள் ஆடின.

முதல் ஆட்டம் கோலாலம்பூரில் நடந்தது. சிலாங்கூர் பினாங்கை 5-1 என வென்றது. ஏறத்தாழ 5,000 பேர் பார்த்தனர் என்பர். அந்நாளைய கோலாலம்பூரின் அளவை நினைத்தால் அது சிறு கூட்டமன்று. இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூர் 2-1 என்று சிலாங்கூரை வீழ்த்திற்று. கோலாலம்பூர் அதுவரை கண்ட காற்பந்துக் கூட்டங்களுள் அதுவே பெரியது என அக்காலக் குறிப்புரைக்கிறது. அடுத்த ஆண்டே சிலாங்கூர் கிண்ணத்தைக் கைப்பற்றியது. ஆயினும் 1921 முதல் 1941 வரை நடந்த ஒவ்வோர் இறுதி ஆட்டத்திலும் சிங்கப்பூர் இடம்பெற்றது. இன்றும் இவ்விரு குழுக்களின் பெயரைச் சேர்த்துச் சொன்னால் முதியோர் குரல் உயர்வதற்கு இதுவே காரணம்.

இந்த அளவில் கதையை நிறுத்திவிடுவது வழக்கம். மாலுமிகள் மகிழ்ந்தனர், நன்றி கூறினர், கிண்ணம் வந்தது என்பது இனிய கதை. ஆனால் அக்கப்பலுக்கு 'மலாயா' என்னும் பெயர் ஏன் வந்தது என்று மாணவர் ஒருவர் கேட்டால், இக்கதை வேறு திசையில் திரும்பும். அக்கப்பல் பிரிட்டன் தன் பணத்தில் கட்டியதன்று. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய கூட்டு மலாய் மாநிலங்கள் அதன் செலவை ஏற்றுப் பேரரசுக்கு அன்பளிப்பாக அளித்தன. செலவு ஏறத்தாழ 30 இலட்சம் பவுன். 1915இல் நீரில் இறக்கப்பட்ட அக்கப்பல், அடுத்த ஆண்டு ஜட்லண்டுக் கடற்போரில் அடிபட்டு மீண்டது.

அம்மாநிலங்களின் கருவூலம் எவற்றால் நிறைந்தது? ஈயத்தால், அபின் வருவாயால், ஆண்டுக்காண்டு பெருகி வந்த ரப்பரால். ஈயச் சுரங்கங்களில் பெரும்பாலும் சீனர் உழைத்தனர். கித்தாத் தோட்டங்களில் பெரும்பாலும் தமிழர் உழைத்தனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, கங்காணியின் பெயர்ப்பட்டியலில் ஓர் எண்ணாக வந்து, விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்வாளியைச் சுமந்தவர்கள் அவர்கள். ஆகவே அந்தக் கிண்ணத்தைப் 'பிரிட்டிஷார் நமக்குத் தந்த பரிசு' என்று பாடநூல் நடையில் எழுதுவதை நாம் ஏற்கத் தயங்குகிறோம். கப்பலுக்குப் பணம் கொடுத்த நாட்டுக்கு, கப்பலில் இருந்தோர் செலுத்திய நன்றி அது. கொடுத்தவர்களுள் பெயர் எழுதப்படாதோர் பலர். களத்தில் உருண்ட பந்தையே எடுத்துக்கொள்வோம். மேலே தோல், தோலுக்குள் காற்றடைத்த ரப்பர்ப் பை. அது எந்த நாட்டுப் பாலிலிருந்து ஆனது என்று பந்து சொல்லாது. எனினும், அந்நாளில் உலகுக்கு ரப்பர் வழங்கியோருள் முதலிடம் மலாயாவுடையது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. 1921 ரப்பர் தோட்டங்களுக்குக் கொடிய ஆண்டு. 1920 தொடக்கத்தில் ஓர் இறாத்தல் ரப்பர் இரண்டு ஷில்லிங்கிற்கு மேல் விற்றது. 1921இல் ஒரு ஷில்லிங்கிற்கும் கீழே சரிந்தது. தோட்ட உரிமையாளர் சங்கம் 1920 நவம்பர் முதலே உற்பத்தியைக் கால் பங்கு குறைக்குமாறு தன் உறுப்பினரைக் கேட்டிருந்தது. வேலை குறைந்தது, கூலி குறைந்தது, தொழிலாளர் பலர் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அரசே சட்டத்தால் உற்பத்தியைக் கட்டுப்படுத்திய ஸ்டீவன்சன் திட்டம் 1922 நவம்பரில்தான் வந்தது. அவ்வாண்டின் குடிக்கணக்குப்படி மலாயாவில் இந்தியர் ஏறத்தாழ 4,70,000 பேர். அவருள் பெரும்பான்மையோர் தமிழர். கோலாலம்பூரில் கிண்ணத்திற்காக ஆரவாரம் எழுந்த அதே கிழமைகளில், கிள்ளான் ஆற்றுப் பள்ளத்தாக்கின் தோட்டங்களில் பேச்செல்லாம் ஊர் திரும்புவதைப் பற்றியே இருந்திருக்கும். தொடக்க ஆட்டமும் இறுதி ஆட்டமும் சனிக்கிழமைகளில் நடந்தன என்பதையும் இங்கே சேர்த்து எண்ணலாம். தோட்டத்தில் சனியும் வேலைநாளே.

நகரத் தமிழர் நிலை வேறு. கோலாலம்பூரில் ஆங்கிலப் பள்ளிகளே இவ்வாட்டத்தின் நாற்றங்கால்கள்: 1893இல் எழுந்த விக்டோரியா கல்விக்கூடம், 1897இல் தோன்றிய மெதடிஸ்டு ஆண்கள் பள்ளி, 1904இல் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ். விக்டோரியா கல்விக்கூடத்தை நிறுவிய அறங்காவலருள் கா. தம்புசாமிப் பிள்ளை ஒருவர் என்பதை மறத்தலாகாது. மாரியம்மன் கோயிலை எழுப்பியவரே ஆங்கிலப் பள்ளிக்கும் பொருள் தந்தார். இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தராய் இருந்த யாழ்ப்பாணத் தமிழர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் குடியிருந்து, தமக்கெனத் தனி விளையாட்டுக் கழகம் கண்டனர். தோட்டத்துப் பிள்ளைக்கோ, பள்ளி வயதினர் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்னும் தொழிலாளர் சட்டம் 1923இல்தான் வந்தது. ஒரே மொழி பேசிய இரு சமூகங்கள். ஒன்று ஆட்டத்தைப் பள்ளியில் கற்றது. மற்றொன்று பின்னாளில் தோட்டத்துத் திடலில், வெறுங்காலால் கற்றுக்கொண்டது. 1970களில் சிலாங்கூர்க் கோல்முனையைக் காத்த ஆர். ஆறுமுகத்தை நாடே 'ஸ்பைடர்மேன்' என்று கொண்டாடியது. அந்த நாள் வருவதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று.

மொழியியலார் கண்ணுக்கு இப்பருவம் இன்னொரு வகையிலும் அரியது. 'தமிழ் நேசன்' 1924இல்தான் கோலாலம்பூரில் பிறந்தது. ஆதலின் முதற் பருவத்தின் செய்திகளை நாம் ஆங்கில ஏடுகளின் வழியே பெறுகிறோம். ஆட்டத்திற்குரிய தமிழ்ச்சொல்லும் நாட்டுக்கு நாடு தனித்தனியே வளர்ந்தது. இலங்கையில் 'உதைபந்து' என்பர், அது வினைத்தொகை. தமிழகத்தில் 'கால்பந்து' என்று புணர்ச்சியின்றி எழுதுவர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் 'காற்பந்து' என்கிறோம். காலால் ஆடும் பந்து என வேற்றுமைப் பொருளில் நின்று, லகரம் றகரமாய்த் திரிந்த வடிவம் இது. நன்னூல் விதியை நாள்தோறும் விளையாட்டுப் பக்கத்தில் பின்பற்றும் வழக்கம் நம்முடையது. இதில் நமக்குச் சிறிது பெருமிதம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. தமிழகத்தார் 'கோப்பை' என்பதை நாம் 'கிண்ணம்' என்பதும் இவ்வகைப்பட்டதே.

'எச்.எம்.எஸ். மலாயா' 1948இல் உடைப்பதற்கு விற்கப்பட்டது. மலாயாக் கிண்ணம் 1967இல் மலேசியக் கிண்ணம் ஆயிற்று. சிலாங்கூர் அதனை 33 முறை வென்றுள்ளது. ஆங்கில ஏடுகள் வென்றோரையும் கோல் எண்ணிக்கையையும் காத்துத் தந்தன. தோட்டத் திடல்களில் வழங்கிய ஆட்டச் சொற்களோ எந்த ஏட்டிலும் ஏறாமல், எழுபதும் எண்பதும் கடந்தோர் நாவில் நிற்கின்றன. வெளியே போன பந்தையும், எல்லைக் கோட்டையும், முறைகேடான ஆட்டத்தையும் அவர்கள் எச்சொற்களால் குறித்தனர் என்பதைக் கம்போங் மேடான் மாணவர் தம் தாத்தா பாட்டியரிடம் கேட்டு, சொன்னவர் பிறந்த தோட்டத்தின் பெயரோடு எழுதிவைக்கலாம். அதற்கு ஒரு பள்ளி விடுமுறை போதும்.