குடும்ப வன்முறையும் உடன்பிறந்தோர் உறவும்

அப்பா அம்மாவை அடிக்கும் வீட்டில் வளரும் பிள்ளைகள் தங்களுக்குள் எப்படிப் பழகுகிறார்கள் என்பதை உளவியலாளர்கள் தனியாகவே ஆராய்கிறார்கள். தமிழ்நாட்டில் இது சிலருடைய பிரச்சினை அல்ல. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்திய அளவில் இது 29 விழுக்காடு.

இத்தகைய வீடுகளில் மூத்த பெண் பல நேரம் சின்னத் தாயாகிவிடுகிறாள். சத்தம் எழுந்ததும் தம்பியைப் பக்கத்து வீட்டுக்கு இழுத்துப்போவதும், அவனைத் தூங்கவைப்பதும், காலையில் பள்ளிக்குக் கிளப்புவதும் அவள் பொறுப்பு. பெற்றோரின் அரவணைப்பு குறையும்போது உடன்பிறந்தோர் இறுகப் பற்றிக்கொள்வதை உளவியலாளர்களான ஸ்டீபன் பேங்கும் மைக்கேல் கானும் 1982இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். அந்தப் பற்று பிள்ளையைக் காப்பாற்றுகிறது. ஆனால் அக்காவின் படிப்பையும் விளையாட்டையும் தின்றுவிடவும் செய்கிறது. அவளைப் பொறுப்பான பிள்ளை என்று பாராட்டிவிட்டு நகர்வது அநியாயம்.

எதிர்த் திசையிலும் உறவு போகலாம். அடித்தால் காரியம் நடக்கும் என்று கண்டுகொண்ட பையன் தங்கையை அடிக்கிறான். ஒருவர் அப்பா கட்சி, மற்றவர் அம்மா கட்சி என்றும் பிரிகிறார்கள். காலையில் தங்கையை அறைந்தவனே இரவில் அவளை மறைத்து நிற்பதும் உண்டு. ஆகவே இதைச் சாதாரணப் பிள்ளைச் சண்டை என்று தள்ளக் கூடாது.

பிரிவு இன்னொரு காயம். அம்மா கைக்குழந்தையோடு தாய்வீடு போக, மூத்தவன் அப்பத்தா வீட்டில் தங்கிவிடுகிறான். காப்பகத்துக்குப் போனால் ஆண், பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தனித்தனி இல்லங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் விட நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ, வளர்ப்புக் குடும்பத்தில் விடும்போது உடன்பிறந்தோரைச் சேர்த்தே வைக்க எல்லா முயற்சியும் எடுக்கச் சொல்கிறது. சேர்ந்திருப்பது அவர்களுக்குக் கெடுதலானால் மட்டும் விலக்கு. தாயின் புகாரை எழுதுகிறவர்கள், வீட்டில் எத்தனை பிள்ளைகள், இப்போது யார் எங்கே இருக்கிறார்கள் என்றும் கேட்டு எழுத வேண்டும்.

உதவி தேவைப்படும் திருப்பரங்குன்றம் பகுதியினர் மதுரை மாவட்டப் பாதுகாப்பு அலுவலரையும் குழந்தைகள் நலக் குழுவையும் அணுகலாம். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கானது 1098. அண்டை வீட்டாரும் ஆசிரியரும்கூட அழைக்கலாம்.